புள்ளும் பறையும்: பெரகலையில் ஒரு நாளும் மலையக இலக்கியமும்

பெரகல என்பது சிங்களப் பெயர். 'பெர' என்னும் சொல் பறையையும் 'கல' என்பது பாறையையும் குறிக்கும். பறைப்பாறை என நாம் அதனைத் தமிழில் வழங்கலாம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்லை வழியாக ஏறிவரும் நெடுஞ்சாலை இவ்விடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மேலேறி ஹப்புத்தளை, பண்டாரவளை கடந்து பதுளைப் பக்கம் போகிறது. மற்றது மலையின் விளிம்பைப் பற்றியவாறே கொஸ்லந்தை வழியாக வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகிறது. மத்திய மலைநாட்டின் தெற்குச் சுவர் இது. வானம் தெளிந்த காலைப் பொழுதில் இங்கு நின்று தெற்கே நோக்குவோர்க்குக் காலடியில் தேயிலை, அதன்கீழ்ச் சமவெளிக் காடு, அதற்கும் அப்பால் அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடல் என மூன்றும் ஒரே பார்வையில் அகப்படும். மலை, காடு, கடல் ஆகியவற்றை வெவ்வேறு திணைகளாகப் பிரித்துக் கற்ற நமக்கு இக்காட்சி சற்றுத் திகைப்பைத் தருவது இயல்பே.

மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் நண்பர் இருவருடன், பறவைகளைப் பார்ப்பதற்கென்றே அங்குச் சென்றேன். ஊவாவில் மழை ஓய்ந்து வெயில் தெளியும் காலம் அது. வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகளும் ஏப்ரல் வரை இருக்கும். பையில் தொலைநோக்கியோடு மூன்று நூல்களும் இருந்தன. ஜோர்ஜ் மொறிசன் றீட் ஹென்றி 1955இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கைப் பறவைகளுக்கான வழிகாட்டி ஒன்று, சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கிலக் கவிதையைச் சக்தீ பால ஐயா 1969இல் தமிழாக்கிய 'தேயிலைத் தோட்டத்திலே' மற்றொன்று; 1979இல் வெளிவந்த தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' மூன்றாவது. இம்மூன்றையும் ஒரு பையில் இட்டமைக்குக் காரணம் உண்டு. மலையக இலக்கியம் பற்றிய நமது கருத்தரங்குகளில் 'குறிஞ்சி' என்னும் சொல் மிகத் தாராளமாகப் புழங்குகிறது. குறிஞ்சிக் கவிஞர், குறிஞ்சிக் குரல், குறிஞ்சி மண் என்றெல்லாம் எழுதுகிறோம். மலை இருக்கிறது, மக்கள் தமிழர், ஆகவே இது குறிஞ்சி என்பதே அச்சொல்லாட்சியின் பின்னுள்ள தருக்கம். இந்தத் தருக்கத்தின்மேல் எனக்கு நெடுநாளாக ஐயம் இருந்து வந்தது. குறிஞ்சியின் கருப்பொருள்களுள் ஒன்றான புள்ளை எடுத்துக்கொண்டு, அதனைக் களத்திலும் நூலிலும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றிற்று.

விடியுமுன்னரே சந்திக்கு அணித்தான தோட்டப் பாதையில் நின்றோம். முதலிற் பாடியது குண்டுகரிச்சான். அதனையடுத்துப் பள்ளத்து மரங்களிலிருந்து குக்குறுவான்கள் ஓயாமல் ஒன்றுக்கொன்று மறுமொழி கூறத் தொடங்கின. ஓடையோரக் காட்டிலிருந்து காட்டுக்கோழிச் சேவலின் அறுந்தறுந்த கூவல் கேட்டது. இலங்கையிலன்றி வேறெங்கும் இல்லாத கோழி அது, இந்நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. ஒளி பரவியபோது உழவாரன்கள் கூட்டமாகத் தேயிலைச் சரிவின்மேற் பறந்து பூச்சி பிடித்தன. தேயிலைச் செடியின் உச்சியில் உடல் கருத்துச் சிறகிற் வெள்ளைக் கோடு கொண்ட சிறு பறவையொன்று அமர்ந்து, வாலை அசைத்து, நிலத்துக்குப் பாய்ந்து, மீண்டும் அதே செடிக்கு வந்தது. புதர்ச்சிட்டு எனத் தமிழ்நாட்டுப் பறவை நூலோர் இதனை வழங்குவர். இலங்கையில் இது மலைநாட்டுப் பறவை. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளிலும் தேயிலையிலும் வாழ்வது. ஆறரை மணியளவிற் கொழுந்துக் கூடைகளுடன் பெண்கள் அப்பாதையால் ஏறி வந்தார்கள். சிட்டு நாலு செடி தள்ளிப் போய் அமர்ந்தது. ஒருவரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை, பார்க்க நேரமுமில்லை.

அந்த நாளில் நாங்கள் காணாத பறவையையும் சொல்ல வேண்டும். மயிலை நாங்கள் காணவில்லை. கிளியும் மயிலும் குறிஞ்சிப் புள் என்பது அகப்பொருள் இலக்கணம் நமக்குக் கற்பித்த பாடம். மலையகத்தைப் பாடும் மேடைக் கவிதைகளிலும் இதனால் மயில் தவறாமல் தோகை விரிக்கிறது. ஆனால் இலங்கையில் மயில் தாழ்நில உலர்வலயத்துப் பறவை. அண்மைக் காலத்தில் அது ஈரவலயத்துக்கும் பரவி வருவது உண்மையாயினும், பெரகல விளிம்பில் நிற்பவனுக்கு அதன் பழைய வீடு கீழே, வெல்லவாயக்கும் கடலுக்கும் இடைப்பட்ட காட்டில் இருக்கிறது. கிளியைப் பொறுத்தவரை இலக்கணம் தப்பவில்லை. சாம்பற் தலையும் மரகதக் கழுத்தும் கொண்ட, இத்தீவுக்கே உரிய கிளியினமொன்று இம்மலைச்சாரலில் உண்டு. எட்கர் லெயார்ட் என்னும் ஆங்கிலேயரின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது. கவிஞர்கள் மயிலைப் பாடியது பிழை என்று கணக்குத் தீர்ப்பது என் நோக்கமன்று. கண்ணால் கண்டதை விட ஏட்டிற் கண்டதே அவர்களுக்குக் குறிஞ்சியாகி விட்டது என்பதையே சுட்டுகிறேன்.

ஏட்டிலுள்ள குறிஞ்சியையேனும் நாம் ஒழுங்காகப் படித்தோமா என்பது அடுத்த வினா. சங்கக் குறிஞ்சியிற் கிளி எவ்வாறு வருகிறது? அழகுப் பொருளாக அது வருவது குறைவு. தலைவி தினைப்புனம் காக்கிறாள். கதிர் முற்றும் காலத்தில் கிளி வந்து விழும். இதணத்தின்மேல் இருந்து தட்டை, குளிர், தழல் முதலான கருவிகளைக் கொண்டு அவள் அதனை ஓட்டவேண்டும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டை வாசித்தோர் இக்கருவிகளை அறிவர். பறவையைப் பார்த்தல் அவளுக்குத் தொழில். எப்பொழுது வரும், எத்திசையிலிருந்து வரும், எந்தக் கதிரை முதலிற் கொத்தும் என்பவற்றை அவள் அறிந்திருந்தாள். அறியாவிட்டால் குடும்பத்துக்கு உணவில்லை. (இன்று பறவை பார்ப்போர் காட்டோரங்களில் அமைக்கும் மேடைகளைக் காணும்போதெல்லாம் இதணத்தின் நினைவே எனக்கு வரும்.) சங்கக் கவிதையின் பறவையறிவு இத்தகைய தொழில்களின் வழியே பாட்டுக்குள் வந்து சேர்ந்தது. பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் தமது நூலில் அப்பறவையறிவின் நுட்பத்தைத் திரட்டித் தந்திருக்கிறார். அந்த நுட்பத்துக்குப் பின்னே உழைப்பு இருந்தது என்பதைத் திணைக் கோட்பாடு பற்றிய பேராசிரியர் கா. சிவத்தம்பியின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடர்ந்து நாம் ஊகிக்கலாம். திணையை நிலவருணனையாகக் கொள்ளாது, பொருளாதார வாழ்வின் சமனற்ற வளர்ச்சி நிலைகளோடு இணைத்துக் காணுமாறு அக்கட்டுரை நம்மைப் பழக்கிற்று.

இந்த அளவுகோலைத் தேயிலைமேல் வைத்துப் பார்ப்போம். தினையைக் கிளி தின்னும். நெல்லைக் குருவி தின்னும். கோப்பிப் பழத்தையேனும் பறவையும் அணிலும் நாடும். தேயிலைக் கொழுந்தைத் தின்னும் பறவை எதுவுமில்லை. கொழுந்தெடுக்கும் பெண்ணின் கண்ணுக்கும் கைக்கும் இடையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டுமே உண்டு. அவளுடைய பயிரைக் கொத்த வானத்திலிருந்து ஒன்றும் இறங்குவதில்லை. அவள் தலைநிமிர்ந்து பார்ப்பதற்கு அவளுடைய தொழிலில் ஓர் அவசியமும் வைக்கப்படவில்லை. பார்த்தால் கூடை நிறையாது. கூடை நிறையாவிட்டால் அன்றைய பேர் பாதியாகும். பயிருக்கும் புள்ளுக்கும் உள்ள தொடர்பு அறுந்த இடத்தில் பாட்டுக்கும் புள்ளுக்கும் உள்ள தொடர்பும் அறுந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களையும், அவ்வழியில் சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியம் பற்றி எழுதியவற்றையும் புரட்டும்போது கங்காணியும் துரையும் கணக்கப்பிள்ளையும் கூடையும் ஏறுமலையும் நம்மை நிறைத்துவிடுவதன் காரணம் இதுவே எனக் கருதுகிறேன்.

'மலை' என்னும் சொல்லுக்கு நேர்ந்ததையும் இங்கே நோக்கவேண்டும். தோட்டத்தில் 'மலைக்குப் போதல்' என்றால் வேலைக்குப் போதல். 'இன்றைக்கு எந்த மலை?' என்றால் எந்தத் தேயிலைத் துண்டில் வேலை என்பது பொருள். இலக்கியத்தில் முதற்பொருளாக நின்ற மலை, வழக்கில் ஒருநாட் கூலியின் அளவாகச் சுருங்கியிருக்கிறது. நமது ஆய்வாளர் 'குறிஞ்சி' என்று சொல்லும்போது கேட்பதும், அதே மலையிற் பிறந்தவர் 'மலை' என்று சொல்லும்போது கேட்பதும் ஒன்றல்ல.

தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்குமிடத்தில் புள்ளை அடுத்துப் பறை வருகிறது. பறையை அடுத்துச் செய்தி, அதாவது தொழில். அவ்வரிசை செய்யுள் நோக்கி அமைந்ததாகவும் இருக்கலாம். எனினும் பெரகலையில், பறையின் பெயர் கொண்ட பாறையடியில் நின்று நினைக்கையில், மலையகத்தின் முழு வரலாறும் அந்த மூன்று சொற்களுக்கிடையில் நிகழ்ந்ததுபோல் எனக்குப் பட்டது. தமிழ்க் கவிதையின் விடியலைப் புள் அறிவிப்பதே மரபு. ஆண்டாளின் பாவைப் பாட்டில் தோழியை எழுப்பச் சென்றவர்கள் பொழுது புலர்ந்தமைக்குக் காட்டும் சான்றுகளுட் பறவையொலி ஒன்று. திருப்பள்ளியெழுச்சிகளிலும் இதே நிலைதான். சி. வி. வேலுப்பிள்ளையின் கவிதையும் விடியலிலேதான் தொடங்குகிறது. தேயிலையும் பனியும் அங்கே உண்டு. ஆனால் அந்த விடியலைத் திடுக்கிட்டு எழச் செய்வது பறை. முற்காலத்தில் தப்படித்தே தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பினர். பள்ளியெழுச்சி மரபை அறிந்தோ அறியாமலோ, அம்மரபின் மையத்திலிருந்த புள்ளை நீக்கி, அவ்விடத்தில் தோட்டத்தின் பறையை வைத்ததன் மூலம் சி. வி. செய்தது சிறிய காரியமன்று. எழுப்பப்படுபவர் இறைவனோ தோழியோ அல்லர்; கூலிகள். மலையகம் குறிஞ்சியன்று என்பதைத் திறனாய்வாளர் எவரும் சொல்லுமுன்னர் அக்கவிதையின் முதல் அடிகள் சொல்லிவிட்டன. நாம் அதைக் கேளாமல் இன்றும் குறிஞ்சிப் பூவைச் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

காலை பத்து மணியளவில் பஸ் ஏறி ஹப்புத்தளை சென்று, அங்கிருந்து அதிஷாம் மாளிகையை ஒட்டிய தங்கமலைக் காட்டுக்கு நடந்தோம். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலேயர் கட்டிய மாளிகை. இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். அதைச் சூழ்ந்த காடு பாதுகாக்கப்பட்ட பறவைப் புகலிடம். ஆங்கில எழுத்திலும் சிங்கள எழுத்திலும் 'தங்கமலே' என்றிருப்பினும் பெயரின் தமிழ்மை வெளிப்படை. அங்கே கண்டவற்றுள் இரண்டைக் குறிப்பிடலாம். முகத்தில் மஞ்சட் கற்றையோடு பழந்தேடித் திரிந்த கொண்டைக்குருவியினம் ஒன்று. மங்கிய நீல நிறத்தில், கிளையிலிருந்து பாய்ந்து ஈப்பிடித்து அமரும் சிறு பறவை மற்றொன்று. இரண்டும் இத்தீவின் மலைப்பகுதிகளையன்றி உலகில் வேறெங்கும் இல்லை. இத்தகைய பறவையினங்கள் இலங்கையில் 30க்கு மேல் உண்டு. செவ்வலகும் நீல உடலும் கொண்ட காட்டுக் காகமொன்றையும் இங்கே காணலாம் என்பர். சிங்களத்தில் அது கெஹிபெல்லா. எங்களுக்கு அன்று அந்தப் பேறு கிட்டவில்லை.

இங்கே நின்றுதான் ஹென்றியின் நூலை விரித்தேன். ஹென்றி 1891இல் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். கொழும்பு நூதனசாலையில் 1946 வரை பணியாற்றியவர். தமது நூலுக்கான படங்களைத் தாமே வரைந்தவர். அவருடைய உரைநடையைத் தமிழ் மாணவர் படிக்கவேண்டும் என்று நான் சொல்வேன். பறவையின் அளவை ஊரறிந்த மற்றொரு பறவையோடு ஒப்பிட்டுச் சொல்வார். எந்தக் கிளையில், எந்த உயரத்தில், என்ன செய்துகொண்டிருக்கும் என்று சொல்வார். குரலைச் சொல்லாற் பிடிக்க முயல்வார். அங்கே தேவையற்ற அடைமொழி இல்லை. கண்டதைக் கண்டவாறு எழுதும் ஒழுக்கம் அது. தமிழில் மா. கிருஷ்ணனின் கட்டுரைகளைத் தவிர்த்தால் இந்த ஒழுக்கத்துக்கு நிகரானவை மிகச் சிலவே.

எனினும் ஹென்றியின் நூலும் அதற்கு முற்பட்ட நூல்களும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தவர்களின் நூல்கள். 1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளின் பெருநூலை வெளியிட்ட லெக் படையதிகாரி. இத்தீவின் சீழ்க்கைப் பூங்குருவிக்கு 1872இல் பெயர் வைத்தபோது அப்பெயரில் நிலைபெற்ற பிளை என்பவர் கோப்பித் தோட்டக்காரர். பின்வந்த பிலிப்ஸ் தேயிலைத் தோட்டத் துரை. பங்களா முற்றமும் சவாரிப் பாதையும் விடுமுறை நாளும் அவர்களுடைய பார்வைக்கு அடித்தளமாயின. இந்த நூல்களிலே தேயிலை ஒரு வாழிடம். அதிலே சிட்டு அமரும், உழவாரன் பறக்கும், கீச்சான் வேட்டையாடும். அதே செடிகளுக்கிடையில் நாள் முழுவதும் நிற்கும் மனிதர் அந்த வாழிடத்தின் பகுதியாகக்கூட வருவதில்லை. பறவை நூலுக்கு அது வேலையன்று என்று ஒருவர் மறுக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆயின் அந்நூல்களிலேயே ஓரிடம் இருக்கிறது. அங்கே அம்மனிதர் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதுவே தமிழ்ப் பெயர்களுக்கான இடம்.

ஹென்றி தமக்குத் தெரிந்த சிங்கள, தமிழ்ப் பெயர்களை ஆங்காங்கே தருகிறார். அவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் ஒரு கோலம் புலப்படும். கடற்கரைப் பறவைக்கும் வயற்பறவைக்கும் வறண்ட நிலத்துப் பறவைக்கும் தமிழ்ப் பெயர் கிடைக்கிறது. மலைப் பறவைக்கு வந்ததும் அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகிறது. 19ஆம் நூற்றாண்டிற் பெயர் சேகரிக்கத் தொடங்கியவர்கள் தமிழ்ப் பெயரை வட, கீழ் மாகாணத் தமிழரிடம் கேட்டனர். லெயார்ட்டே யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பணியாற்றியவர். மலையிலே மலைப் பறவைகளை நாள்தோறும் கண்டுகொண்டிருந்த தமிழரிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களை வேலை வாங்குவதற்காகத் தமிழ் கற்ற துரைமார்க்கும் தோன்றவில்லை. அந்தத் தமிழில் ஏவலுக்கான சொற்கள் போதுமாயிருந்தன.

இதனை எழுதும்போது துரைமாரை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. பேராசிரியர் க. ரத்னம் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூலுக்காகத் தமிழ்நாட்டில் உழைத்த உழைப்புக்கு ஒப்பானதொன்றை மலையகத்தில் எந்தத் தமிழ்த்துறை செய்திருக்கிறது? நாட்டார் பாடல் சேகரிக்கச் சென்ற நாம் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்பினோம். முற்றத்தில் நின்ற பறவைக்கு என்ன பெயர் என்று கேட்கவில்லை. ஊர்விட்டு வந்த மக்கள் பழைய ஊர்ப் பெயர்களைப் புதிய பறவைகளுக்கு இட்டனரா, சிங்களப் பெயரை வாங்கிக்கொண்டனரா, பெயரே இடாமல் விட்டனரா என்பவை மொழியியல் மாணவர்க்கு உயிரான வினாக்கள். 1823இலிருந்து கணக்கிட்டு 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளைக் கொண்டாடினோம். அந்த இருநூறு ஆண்டுப் பேச்சில் பறவைக்கு வழங்கிய சொற்களின் பட்டியல் ஒன்று நம்மிடம் இல்லை.

மடத்தின் வேலியோரத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டமொன்று சருகைக் கிளறிக் கிளறிக் கத்திக்கொண்டிருந்தது. தவிட்டு நிறத்தால் நமக்கு அது தவிட்டுக்குருவி. எப்போதும் ஆறேழாய்த் திரிவதால் ஆங்கிலேயர் 'ஏழு சகோதரிகள்' என்றனர். சிங்களத்தில் அதன் பெயர் தெமலிச்சா. அப்பெயரிலே 'தெமள', அதாவது தமிழ் என்னும் ஒலி இருப்பதை அம்மொழி சற்றே அறிந்தவரும் கேட்கலாம். சொல்லின் தோற்றத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லத் துணியேன். ஆனால் ஓயாது கூச்சலிடும் குருவிக்கு அயலாரின் பெயர் ஒலிப்பதை இன்னொரு மொழியிலிருந்து கேட்பது ஒரு வகை அனுபவம். நண்பரொருவர் சினந்தார். எனக்குச் சினம் வரவில்லை. கொண்டைக்குருவியைச் சிங்களம் கொண்டயா என்கிறது. அங்கே நமது கொண்டை அவர்களுக்கும் கொண்டையாயிருக்கிறது. பறவைப் பெயர்களில் இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேலி செய்தும் கடன் வாங்கியும் வாழ்ந்த வரலாறு பதிந்திருக்கிறது. அரசியல் மேடைகளை விட அந்த வரலாறு நம்பத்தக்கது.

இனி மலையகப் புனைகதைக்கு வருவோம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. அத்தலைப்பு ஒரு பழமொழியின் பாதி. தூரத்தில் நின்று பார்க்கும் பச்சைக்கும் அருகில் வாழும் பச்சைக்கும் உள்ள வேறுபாடே அந்நாவலின் பொருள். அழகியற் பார்வையின்மேல் மலையக எழுத்து கொண்ட நியாயமான ஐயம் அத்தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. பதுளை மாவட்டத்துத் தோட்டத்திற் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே முன்னொட்டாகக் கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934–2022) இந்த ஐயத்தைக் கலையாக்கியவர். அவருடைய 'மீன்கள்' என்னும் கதையை எண்ணிப் பாருங்கள். லயத்து ஒற்றை அறையின் நெருக்கம் அங்கே பின்னணியாக நிற்காமல் கதையாகவே ஆகிறது. அந்த அறைக்குள் ஒரு குடும்பத்தின் மானம் எப்படி நசுங்குகிறது என்பதைக் காட்டுவதற்கு வெளியேயுள்ள மலையை வருணிக்க அவர் மறுக்கிறார். அந்த மறுப்பில் அறம் இருக்கிறது. என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' நிறுவையையும் கைவேகத்தையும் உழைப்பின் மானத்தையும் மையமாகக் கொண்டது; அங்கும் இயற்கை வருணனை ஓர் அளவோடுதான். முற்பட்ட தலைமுறையின் இந்தச் சிக்கனத்தைக் குறையென்று நான் கூறேன். அழகான மலையென்று உலகம் முழுவதும் தேயிலைப் பெட்டிமேல் அச்சடித்த காட்சியை எழுதி மறுப்பதற்கு அதுவே வழியாயிருந்தது.

ஆனால் மறுப்பு மரபாகிவிடும்போது திறனாய்வாளன் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. லயம், பெரட்டு, கங்காணி, அட்டை, குளிர், கூடை என்னும் ஆறேழு பொருள்களைக் கொண்டு கண்ணை மூடிக்கொண்டே ஒரு மலையகக் கதையைக் கட்டிவிடலாம் என்னும் நிலை இன்று வந்துள்ளது. மயிலைக் கொண்டு குறிஞ்சியைக் கட்டியவர்களுக்கும் இவர்களுக்கும் அடிப்படையில் வேறுபாடு குறைவு. இருவரும் ஏட்டிலிருந்தே எடுக்கின்றனர்.

இதைவிடக் கவலைக்குரியது வலசைப் பறவை என்னும் உருவகம். புலம்பெயர்ந்த மக்கள், நாடற்றவர், ஆகவே பறவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 150,000 பேரின் தலைவிதியை ஒத்திவைத்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னரே எஞ்சியோரின் நாடற்ற நிலை தீர்ந்தது. ஹென்றியின் 'நிலையாக வாழ்வன', 'குளிர்கால விருந்தாளிகள்' என்னும் பகுப்பு வெளிவந்ததும் அதே காலத்தில்தான் என்பது எனக்கும் தோன்றாமலில்லை. தோன்றியதும் எழுதிவிடக் கை துடிக்கும். ஆனால் சற்று நின்று யோசிக்கலாம். சாலையோர வாய்க்காலில் அன்று நாங்கள் கண்ட சாம்பல் வாலாட்டி குளிர் தணிந்ததும் தன் விருப்பப்படி வடக்கே திரும்பும். அடுத்த ஆண்டு அதே வாய்க்காலுக்கு வரவும் கூடும். ஒப்பந்தத்தின்கீழ்த் தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பத்துக்கு அந்தச் சுதந்திரம் எங்கே இருந்தது? வலசை இயற்கையின் ஒழுங்கு; நாடுகடத்தல் அரசின் செயல். இரண்டையும் ஒன்றாக்கும் கவிதை, தன்னை அறியாமலே அரசின் செயலை இயற்கையாக்கி விடுகிறது. அதோடு வாலாட்டியையும் அது பார்க்கவில்லை.

பிற்பகலில் கீழிறங்கிக் கொஸ்லந்தைச் சாலையிற் சென்றோம். 2014 அக்டோபர் 29ஆம் நாட்காலை மண்சரிவில் லயங்களோடு மக்கள் புதைந்த மீரியபெத்தை இப்பக்கத்துத் தோட்டம். தொலைநோக்கியைக் கழுத்திலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டோம். ஏனென்று ஒருவரையொருவர் கேட்கவில்லை. அச்சரிவின் திசையில், காட்டின்மேல், கருங்கழுகு ஒன்று சிறகடியாமல் மிக மெதுவாக மிதந்து சென்றது. அந்த இடத்தில் அதை என்னவாகவும் எழுதலாம். காலன் என்று எழுத ஒரு மணித்துளி போதும். அது கூடுகளைத் தேடிக்கொண்டு சென்றது. அதன் வழக்கம் அது. மண்சரிவுக்குக் காரணம் மழையும் மண்ணும், ஆபத்தான சரிவென்று அறிந்த பின்னரும் மக்களை அங்கே இருக்க விட்ட ஏற்பாடும்.

இவ்வளவு துயரப்பட்ட மக்களின் இலக்கியத்திற் குருவியைத் தேடுவது வசதி படைத்தவனின் விளையாட்டாகாதா? பேருந்திற் திரும்பும்போது நண்பர் இதைக் கேட்டார். நல்ல வினா. தலைநிமிர்ந்து பார்க்கும் நேரமும் உரிமையும் யாருக்கு இருந்தன என்பதே இக்கட்டுரையின் வினாவும். நேரம் மறுக்கப்பட்டது என்பதை எழுதிய இலக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மறுக்கப்பட்ட போதும் அம்மக்கள் பார்த்தே இருந்தார்கள் என்பதை யார் எழுதுவது? ஆறுமணிக் குருவி என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. மாரியில் இமயத்தின் அடிவாரத்திலிருந்து வந்து, காலையும் மாலையும் குறிப்பிட்ட பொழுதிற் கூவும் பலநிறப் பறவைக்கு அப்பெயர். சிங்களத்தில் அதன் கூவலையே கொண்டு அவிச்சியா என்பர். மணிக்கூட்டால் பறவையை அளந்த அந்தப் பெயரை இட்டவர் பொழுதுக்கு எழுந்து பொழுதுக்குத் திரும்பும் உழைப்பாளியாகவே இருந்திருக்கவேண்டும். ஓய்வாளனுக்கு ஆறு மணி முக்கியமன்று.

மாலை ஐந்தரைக்குப் பெரகலச் சந்திக்கு மேலுள்ள லயம் ஒன்றின் வழியே நடந்தோம். லயத்தின் தாழ்வாரக் கைமரத்தில் மண்ணாலான கிண்ணம் போன்ற கூடு ஒட்டியிருந்தது. தொண்டை சிவந்த தகைவிலான் ஒன்று உள்ளே நுழைந்து வெளியேறிற்று. மலைநாட்டிலேயே வாழ்ந்து, கட்டடங்களிற் கூடுகட்டும் இனம் இது, வலசை வருவதன்று. தரையில்லாக் குருவி என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. காணியில்லா மக்களின் தாழ்வாரத்தில் தரையில்லாக் குருவி! நான் சற்று முன் கண்டித்த அதே சலனம் என் மனத்திலும் எழுந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூட்டின் நேர்கீழே தேயிலைப் பெட்டியின் பலகைத் துண்டொன்றைக் கம்பியாற் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த முதிய பெண்ணிடம் அது எதற்கென்று கேட்டேன்.

"எச்சம் விழுகுதுன்னு சின்னவன் கூட்ட இடிக்கப் பாத்தான் தம்பி. நாந்தான் வேணாம்னு பலகைய கட்டச் சொன்னேன். வருஷா வருஷம் வருது."

"இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள், அம்மா?"

அவர் நிமிர்ந்து கூட்டைப் பார்த்தார். "பேரா? குருவிதான். பீலிகிட்ட போய்ப் பாருங்க, இப்ப அங்கதான் மண்ணு எடுக்கும்."

லயத்தின் கோடியில் பீலியிலிருந்து நீர் விழுந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த ஈர மண்ணில் இரண்டு தகைவிலான்கள் இறங்கி, சிறகை உயர்த்திப் பிடித்தவாறு, அலகு நிறைய மண்ணெடுத்துக்கொண்டிருந்தன. வாளி நிரப்ப வந்த சிறுமி அவை பறக்கும் வரை நின்றுவிட்டுப் பிறகு வாளியை வைத்தாள்.